மஞ்சள் இங்கிலீஷ் ரோஜா படுத்துகிறதா? அறிகுறியிலிருந்து ஆரம்பியுங்கள்

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் கிடைத்ததும் நம் ஆட்கள் முதலில் வைப்பது கறிவேப்பிலைத் தொட்டி, அடுத்தது வாசமுள்ள ஒரு மஞ்சள் ரோஜா. அது பெரும்பாலும் டேவிட் ஆஸ்டின் என்ற இங்கிலாந்து ரோஜா வளர்ப்பாளர் உருவாக்கிய 'இங்கிலீஷ் ரோஜா' ரகங்களில் ஒன்றாக இருக்கும்: 1983இல் வந்த கிரஹாம் தாமஸ், 1992இல் வந்த கோல்டன் செலிப்ரேஷன், இல்லாவிட்டால் தி பில்கிரிம், டீசிங் ஜார்ஜியா, தி பொயட்ஸ் வைஃப். வாங்கிய முதல் கோடையில் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாவது வருஷத்திலிருந்து போட்டோ அனுப்ப ஆரம்பிப்பார்கள், கேள்விகளும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றாகவே இருக்கும்.

உங்கள் செடிக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். நடுவில் தாண்டிக் குதித்து மருந்து வாங்க ஓட வேண்டாம். தண்ணீர், வெயில், கவாத்து (அதாவது கிளை வெட்டுவது) இந்த மூன்றையும் ஒழுங்காகப் பார்த்தாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

## இலையில் கருப்புப் புள்ளி, அப்புறம் மஞ்சள், அப்புறம் மொட்டைக் குச்சி

முதலிடம் இதற்குத்தான். மஞ்சள் ரோஜாவுக்கு இது கொஞ்சம் பரம்பரைச் சொத்தும்கூட. இன்றைய அடர் மஞ்சள் தோட்ட ரோஜாக்களுக்கு அந்த நிறம் வந்தது ரோசா ஃபெட்டிடா என்ற மேற்காசிய ரோஜாவின் பெர்ஷிய வகையிலிருந்து, 1900இல் பிரான்சில் பெர்னே-டுஷே என்ற ரோஜா வளர்ப்பாளர் வெளியிட்ட 'சொலேய் தோர்' ரகம் வழியாக. நிறத்தோடு இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற குணமும் கூடவே வந்துவிட்டது. அதனால் புள்ளியே இல்லாத மஞ்சள் ரோஜா வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆகஸ்டில் கீழே கொஞ்சம் இலை கொட்டி, மேலே பூத்துக்கொண்டிருந்தால் அது நல்ல செடிதான்.

முதலில் புள்ளியின் ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஓரம் பிசிறடித்து, சுற்றி மஞ்சள் படர்ந்து, கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறினால் கருப்புப் புள்ளி நோய். இலையைத் திருப்பினால் ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாக ஒட்டியிருந்தால் துரு நோய். கொழுந்திலும் மொட்டுக் காம்பிலும் வெள்ளை மாவு பூசியிருந்தால் சாம்பல் நோய், அதற்கு அடியில் பெரும்பாலும் வேர் காய்ந்து கிடக்கும், சுவரோரம் வைத்த செடிகளில் இது சகஜம்.

கருப்புப் புள்ளி என்று உறுதியானால்:

உதிர்ந்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது அதிலும், கிளையில் இருக்கும் சின்னக் கருநிறத் தழும்புகளிலும்தான். பொறுக்கியதை வீட்டு உரக்குழியில் போடாதீர்கள், அதில் போதிய சூடு ஏறாது. கவுன்சில் எடுத்துப்போகும் தோட்டக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

இலை மேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். இந்தப் பூஞ்சை முளைக்க இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். சாயங்காலம் வேலை விட்டு வந்து ஹோஸ் பைப்பைத் தூக்கி மேலிருந்து குளிப்பாட்டினால் ராத்திரி முழுக்க அந்த ஈரம் காயாது. காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

குளிர்காலக் கவாத்தில் தழும்புள்ள கிளைகளை எடுத்துவிட்டு நடுப்பகுதியைத் திறந்துவிடுங்கள், காற்று உள்ளே போக வேண்டும். மார்ச்சில் இலை விடும் முன்பே அடியில் 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு (மக்கிய எரு மாதிரி மண்ணை மூடுகிற பொருள்) போட்டால் மண்ணில் கிடக்கும் பழைய இலைத் துணுக்கிலிருந்து மழைத்துளி தெறித்து மேலே ஏறுவது குறையும். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால்தான் பூஞ்சைக்கொல்லி. கார்டன் சென்டரில் வீட்டு உபயோகத்துக்கு என்று விற்பதை, லேபிளில் உள்ள அளவிலும் இடைவெளியிலும் அடியுங்கள். வந்த புள்ளியை அது போக்காது, அடுத்த இலைக்கு வராமல் தடுக்கும், அவ்வளவுதான். புள்ளி பத்து இலையில் வந்த பிறகு ஒரு தடவை அடித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஜூலையிலேயே மொட்டையாகி, அடுத்தடுத்த வருஷங்களிலும் அப்படியே ஆனால் யாரையும் கூப்பிட வேண்டாம். செடியை எடுத்துவிட்டு வேறு ரகம் வையுங்கள். கிரஹாம் தாமஸ் பேர் பெற்ற ரோஜாதான், 2009இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதை 'உலகின் பிரியமான ரோஜா' பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டத்தைப் பார்த்து உங்கள் தெருவின் பூஞ்சை ஒதுங்கிப் போகாது. இந்தப் பூஞ்சையில் பல வகைகள் இருப்பதால், ஒரு ஊரில் தாக்குப்பிடிக்கும் ரகம் இன்னொரு ஊரில் விழுந்துவிடும். அக்கம்பக்கத்தில் எந்தச் செடி செப்டம்பரிலும் பச்சையாக நிற்கிறதோ அதன் பெயரைக் கேட்டு வாங்குவது எந்தக் கேட்டலாகையும் விட நம்பகமானது.

## புள்ளி கிடையாது, ஆனால் இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அடி இலைகள், நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள்: மெக்னீசியம் பற்றாக்குறை. தக்காளி உரத்தையே ரோஜாவுக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்களா என்று யோசியுங்கள், அதில் பொட்டாஷ் அதிகம், அது மெக்னீசியத்தைச் செடி எடுக்க விடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் எப்சம் சால்ட், ஒட்டுவதற்கு இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, வெயில் இல்லாத நேரத்தில் இலையில் தெளியுங்கள், இரண்டு வாரம் விட்டு மறுபடி.

கொழுந்து இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சை: இரும்புச் சத்து ஏறவில்லை. மண்ணில் சுண்ணாம்பு அதிகமாக இருக்கும். தெற்கு க்ராய்டன் பக்கம், சில்டர்ன்ஸ் பக்கம் வீடு என்றால் அடியில் சுண்ணப் பாறை, சந்தேகமே வேண்டாம். சில பவுண்டு விலையில் மண்ணின் காரத்தன்மை (pH) பார்க்கும் கிட் கிடைக்கும், 6.5 பக்கத்தில் இருந்தால் ரோஜாவுக்கு சொர்க்கம். அதிகம் என்றால் செலேட்டட் இரும்பு, அதாவது இந்த மண்ணிலும் செடி உறிஞ்சக்கூடிய வடிவில் உள்ள இரும்பு, ஊற்றலாம், வருஷா வருஷம் ஊற்ற வேண்டியிருக்கும். ஊரில் செய்கிற பழக்கத்தில் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறவர்கள் இந்த மண்ணில் அதை விட்டுவிடுங்கள், அதுவும் சுண்ணாம்புதான்.

செடி முழுக்க சோகை பிடித்த மஞ்சள்: லண்டன் களிமண்ணாக இருந்தால் வேர் தண்ணீரில் நிற்கிறதா என்று பாருங்கள். செடிக்கு இரண்டடி தள்ளி ஒரு முழ ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி விடுங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் உரம் போட்டுப் பிரயோஜனமில்லை, மண்ணை மேடாக்கித்தான் நட வேண்டும். தண்ணீர் வடிந்துவிட்டது என்றால் வெறும் பசிதான். மார்ச் கடைசியில் ஒரு பிடி ரோஜா உரம், முதல் பூப்பு முடிந்த கையோடு இன்னொரு பிடி. ஆகஸ்டுக்குப் பிறகு போடாதீர்கள், குளிருக்குள் முற்றாத தளிர் வந்து கருகும்.

இலை ஊசி மாதிரி மெலிந்து கொத்தாக வருகிறது: நோய் இல்லை. பக்கத்தில் யாரோ கிளைஃபோசேட் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிட்டு அடுத்த வருஷம் வரை பொறுங்கள், லேசாகப் பட்டது என்றால் தேறிவிடும்.

## மொட்டு பெருக்கிறது, விரியாமல் அழுகுகிறது

மழை விட்டு வெயில் அடிக்கும் ஜூன் வாரங்களில் வரும் புகார். வெளி இதழ்கள் நனைந்து, அப்படியே காய்ந்து, பழுப்புக் காகிதமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே பூ நன்றாகத்தான் இருக்கும், கதவு திறக்காததால் சிக்கிக் கிடக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அந்த மேல் உறையை மெதுவாகக் கீறி இரண்டு மூன்று இதழை உரித்துப் பாருங்கள், உள்ளே சுத்தமான மஞ்சள் தெரிந்தால் மத்தியானத்துக்குள் பூ தானாக விரியும். உள்ளேயும் பழுப்பாகி சாம்பல் நிறப் பூசணம் தட்டினால் காம்போடு வெட்டி எறியுங்கள், கிளைக்குள் இறங்கிவிடும்.

கோல்டன் செலிப்ரேஷன் மாதிரி இதழ் நெருக்கமான பூக்களில் இது அதிகம். எல்லாப் பூவும் இப்படியே ஆனால் இடம் தப்பு: மரத்தடி, வேலி நிழல், காற்றில்லாத மூலை. நவம்பருக்கு மேல் இலை உதிர்ந்த பிறகு செடியை வெயில் பக்கம் மாற்றி நடலாம். ஒரு நாள் உடல் வேலை, காசு இல்லை.

## மொட்டே வருவதில்லை

தளிர் ஜோராக வருகிறது, நுனியில் மொட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்றால் அது குருட்டுத் தளிர். ஏப்ரல் மே குளிரில் வரும். அந்தத் தளிரைப் பாதியாக, ஒரு நல்ல இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள், 6 முதல் 8 வாரத்தில் அடுத்த தளிர் பூவோடு வரும். காத்திருந்தால் எதுவும் வராது.

ஒன்றிரண்டு தளிர் இல்லை, செடியே இப்படி என்றால் வெயிலை அளந்து பாருங்கள். ஒரு சனிக்கிழமை வீட்டில் இருக்கும்போது மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தால் போதும். நேர் வெயில் நாலு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் உரம், மருந்து, நேர்த்திக்கடன் எதுவும் உதவாது.

வெயில் இருக்கிறது, இலையும் கருகருவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை என்றால் புல்தரை உரம் வேர் வரை வருகிறதா என்று பாருங்கள், அதில் நைட்ரஜன் அதிகம். அதுவும் இல்லையா? முதல் அலை பூத்து முடிந்த பிறகு வாடிய பூக்களை வெட்டினீர்களா? பூ காயாக விட்டால் செடி விதையில் கவனம் வைத்துவிடும். பூவை மட்டும் கிள்ளாமல் கீழே முதல் நல்ல இலை வரை சேர்த்து வெட்ட வேண்டும்.

கடைசியாக ஒட்டுக்கு (ரகத்தை வேறொரு ரோஜாவின் வேரோடு இணைத்த முடிச்சுக்கு) கீழே பாருங்கள், ஏனென்றால் பூக்காமல் மளமளவென்று வளர்வது உங்கள் ரோஜாவாகவே இல்லாமல் இருக்கலாம். இந்த நாட்டில் பெரும்பாலும் 'லாக்ஸா' என்ற காட்டு ரோஜாவின் வேரில்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். அந்த வேரிலிருந்து கிளம்பும் தண்டு வெளிர் பச்சையாக, நேராக, மற்றதெல்லாம் பிந்தி நிற்க இது மட்டும் ஓடும். ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இருந்தால் நல்லது என்ற கணக்கை நம்பி வெட்டாதீர்கள், நல்ல கிளையிலும் ஏழு வரும். அடி மண்ணைக் கிளறி எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்து, வேரிலிருந்து என்றால் கையுறை போட்டுக்கொண்டு பிய்த்து எடுங்கள். வெட்டினால் அடியில் மிச்சமிருக்கும் கணுக்களிலிருந்து நாலாகத் திரும்பி வரும். மஞ்சள் ரோஜா வெள்ளையாக மாறிவிட்டது என்று சொல்லும் செடிகளுக்கும் வைத்தியம் இதுவேதான்: நிறம் மாறவில்லை, மேலே ஒட்டியது செத்து, கீழே இருந்தது பூக்கிறது.

## பூ நன்றாக இருக்கிறது, வாசம் இல்லை

மனசு நொந்து கேட்கிற கேள்வி இது, வாசத்துக்காகத்தானே காசு கொடுத்து வாங்கியது.

முதலில் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று சரிபாருங்கள். நம் மூக்குக்கு ரோஜா வாசம் என்றால் பன்னீர் ரோஜா. மஞ்சள் இங்கிலீஷ் ரோஜாக்களில் பலவற்றுக்கு அந்தத் தித்திப்பே கிடையாது, டீ ரோஜா வாசம்தான், பிரிக்காத தேயிலை டின்னைத் திறக்கும்போது வருகிற அந்த மெல்லிய, கொஞ்சம் காய்ந்த வாசம். கிரஹாம் தாமஸ் அந்த வகை. தி பில்கிரிம் டீயோடு வெள்ளைப்போளம் கலந்தது, அதில் சிலருக்கு மருந்து நெடிதான் தெரியும். கோல்டன் செலிப்ரேஷன் டீயில் ஆரம்பித்து, பூ முற்ற முற்ற இனிப்பு ஒயின், ஸ்ட்ராபெர்ரி என்று மாறும். பழ வாசம் பிடிக்கும் என்றால் வாங்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம் நேரம். ராத்திரி ஏழு மணிக்கு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு வாசம் இல்லை என்று சொல்கிறவர்கள் பலர். பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், காற்றில்லாத இளவெயிலில், பாதி விரிந்த பூவை முகருங்கள். மொட்டிலும் வாசம் கம்மி, முழுக்க விரிந்து நடுவில் மகரந்தம் தெரிகிற பூவிலும் கம்மி. குளிர் நாளில் வாசம் கிளம்பாது, கடும் வெயிலில் சீக்கிரம் பறந்துவிடும். ஒரே பூவை ஐந்து தடவை முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும், நடுவில் வீட்டுக்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பாதி விரிந்த ஒன்றைக் காலையில் வெட்டி வந்து வெதுவெதுப்பான அறையில் தம்ளரில் வைத்து, அரை மணி கழித்து உள்ளே வாருங்கள். அறையில் வாசம் இருந்தால் செடியில் குறையில்லை, தோட்டத்தில் காற்றுதான் அடித்துப்போகிறது. உட்காரும் இடத்துக்கு அருகே, சுவரோ வேலியோ காற்றை மறைக்கிற பக்கம் மாற்றினால் போதும்.

அதிலும் இல்லையா? செடி தண்ணீருக்கு ஏங்குகிறதா என்று பாருங்கள், வறண்ட வாரத்தில் புதர் ரோஜாவுக்கு ஒரு தடவைக்கு 5 லிட்டர் வேண்டும். முதல் வருஷப் பூவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், இரண்டாவது வருஷம் பாருங்கள். அப்போதும் வாசமில்லை, பூவின் வடிவமும் லேபிள் படத்தோடு ஒத்துவரவில்லை என்றால் லேபிள் மாறியிருக்கிறது. போட்டோவும் ரசீதும் எடுத்துக்கொண்டு வாங்கிய நர்சரிக்கே போங்கள், நல்ல நர்சரி மாற்றித் தரும்.

## கழுத்து நீண்டு தலை தொங்குகிறது

கோல்டன் செலிப்ரேஷன் தலை கவிழ்ந்து பூப்பது அதன் இயல்பு, கனமான பூ. குச்சி கட்டி நிமிர்த்தாமல் விடுங்கள், அப்படித்தான் அழகு. கிரஹாம் தாமஸ் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு சாட்டைகளை விடுவதும் வழக்கம். ஜனவரி பிப்ரவரியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வெட்டுங்கள். வெட்ட மனசில்லை என்றால் வேலியில் படுக்கை வாட்டில் கட்டுங்கள், கணுவுக்குக் கணு பூக்கும். கவாத்துக் கத்தரி மழுங்கலாக இருந்தால் கிளை நசுங்கிக் கருகி இறங்கும், ஆகவே தீட்டிய பிறகு வெட்டுங்கள்.

## இலையில் ஓட்டை, சுருட்டல், பூச்சி

அரைவட்டமாக, பிசிறில்லாமல் வெட்டியிருந்தால் இலைவெட்டித் தேனீ. கெடுதல் கிடையாது, விட்டுவிடுங்கள். இலை நீளவாட்டில் குழலாகச் சுருண்டிருந்தால் ஒரு சின்ன ரம்ப ஈயின் வேலை, கொஞ்சம் என்றால் கிள்ளி எறியுங்கள், செடி முழுக்க என்றால் அப்படியே விடுங்கள், எல்லா இலையையும் பறித்தால் அதுதான் பெரிய சேதம். நரம்பை மட்டும் மிச்சம் வைத்துக் கூட்டமாகத் தின்னும் பச்சைப் புழு, உடம்பில் கரும்புள்ளி, அதுவும் ரம்ப ஈயின் புழுவே. கையால் பொறுக்குங்கள், இரண்டே நாளில் கிளையை மொட்டையடித்துவிடும். கொழுந்தில் அசுவினி அப்பியிருந்தால் வேப்பெண்ணெய் தேடி அலைய வேண்டாம், இரண்டு விரலால் கீழிருந்து மேலே வழித்துவிட்டால் போதும். ஜூனில் பொறிவண்டு வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

## தொட்டியில் இருக்கிறது, தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது

தொட்டி சின்னதா என்று முதலில் பாருங்கள், 45 செ.மீ. அகலமும் ஆழமும் இல்லாவிட்டால் ஜூலையில் தினம் ஊற்றியும் பற்றாது. மண்ணைத் தொட்டால் ஈரம், செடி மட்டும் துவண்டிருக்கிறது என்றால் தயங்காமல் செடியைச் சாய்த்து வெளியே எடுங்கள். வேர்ப்பந்துக்குள் அரிசி போல் வெளுத்து, தலை மட்டும் பழுப்பாக, வளைந்து படுத்திருக்கும் புழுக்கள் இருக்கலாம், உள்ளங்கையில் போட்டால் காலில்லாமல் நெளியும். வைன் வீவில் என்ற வண்டின் புழு அது. மேலே இலை ஓரங்களில் டிக்கெட் கிழித்த மாதிரி வெட்டு முன்பே இருந்திருக்கும், யாரும் கவனிப்பதில்லை. மண் முழுவதையும் உதிர்த்து, வேரைக் கழுவி, ஜான் இன்னஸ் 3ஆம் எண் என்று கடையில் விற்கும் தொட்டி மண் கலவையில் புதிதாக நடுங்கள். பிறகு ஆகஸ்ட் செப்டம்பரில் நெமடோடு (இந்தப் புழுவைக் கொல்லும் நுண்புழு) வாங்கி ஊற்றினால் அடுத்த தலைமுறை வராது. பழைய மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள்.

## புதுச் செடி நட்டது நட்டபடியே நிற்கிறது

நகத்தால் தண்டைச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பிப்ரவரியில் மண்ணில்லாத வேர்ச்செடியாக வைத்தது மே வரை மெதுவாகத்தான் கிளம்பும். தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அடியில் மண் விலகி ஓட்டை விழுந்திருந்தால் குளிர்காலக் காற்று வேரை உலுக்கியிருக்கிறது, குதிகாலால் மிதித்து இறுக்குங்கள். ஒட்டு மண்ணுக்கு 5 செ.மீ. கீழே இருக்கும்படி நட்டால் இந்த ஆட்டம் குறையும்.

பழைய ரோஜாவைப் பிடுங்கிய அதே குழியில் வைத்தீர்களா? அப்படியானால் மண்ணே ரோஜாவுக்குச் சலித்திருக்கும். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டி எடுத்து, ரோஜா இருந்திராத இடத்து மண்ணை நிரப்ப வேண்டும். ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் குழிக்குள் இறக்கி அதில் புது மண்ணும் எருவும் போட்டு நடுவது நல்ல வழி: அட்டை மக்கிப் போவதற்குள் செடி வேர் பிடித்துவிடும்.

## கிளை கிளையாகப் பட்டுப்போகிறது

ஒரு கிளை மட்டும் நுனியிலிருந்து கருகி இறங்கினால் பச்சை தெரியும் இடம் வரை வெட்டி, அடுத்த கணுவுக்கு மேலே நிறுத்துங்கள், அத்தோடு சரி. கோடை நடுவில் செடி மொத்தமாக வாடி, பக்கத்தில் வேறு புதரும் அதே மாதிரி போயிருந்தால்தான் கவலை. தண்டின் அடியில் மண்ணை விலக்கிப் பட்டையைக் கத்தியால் சீவுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வெள்ளைத் தோல் போலப் படலம், முகர்ந்தால் பச்சைக் காளான் வாசம் தூக்கலாக வந்தால் அது ஹனி ஃபங்கஸ், வேரைக் கொல்லும் பூஞ்சை. மண்ணில் கருத்த ஷூ லேஸ் மாதிரி இழைகளும் இருக்கலாம், இலையுதிர் காலத்தில் தேன் நிறக் காளான் கொத்து முளைக்கும்.

இதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு தோண்டி எடுத்து அகற்றுங்கள், அந்த இடத்தில் மறுபடி ரோஜா வேண்டாம். சந்தேகம் இருந்தால் வெட்டுவதற்கு முன் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டியில் உறுப்பினராக இருப்பவர்கள் அவர்களுடைய ஆலோசனைச் சேவையில் போட்டோ காட்டிக் கேட்கலாம். பழைய மரத்தின் அடிக்கட்டை அருகில் இருந்து அதிலிருந்து பரவுகிறது என்று தெரிந்தால் காசு கொடுத்து ஆள் கூப்பிட வேண்டிய கட்டம் அதுதான், கட்டையை இயந்திரம் வைத்து அரைத்து எடுப்பது மண்வெட்டி வேலை இல்லை. அது பக்கத்து வீட்டு எல்லைக்குள் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் உங்கள் பக்கம் 45 செ.மீ. ஆழத்துக்குக் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டைச் செங்குத்தாகப் புதைத்து, மேலே இரண்டு மூன்று செ.மீ. வெளியே தெரியும்படி விடுங்கள், இழைகள் தாண்டி வராது.